வண்டி இடது பக்கம் இழுக்குது

ஏப்ரல் 18, வெள்ளி

சீத்தப்பட்டி வாழ் பெருமக்களுக்கும் அகில உலகத்துக்கும் ஆழ்ந்த பொறுப்புணர்வோடு அறிவிக்கப்படுவது: இன்று காலை எங்கள் வீட்டு இட்லிக் குண்டானின் மூடிக் கைப்பிடி கழன்று, பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்குள் விழுந்து இறைவனடி சேர்ந்தது. அன்னாரின் பிரிவால் வாடுபவர்கள்: அம்மா செல்லமணி, அப்பா சடையப்பன், தங்கை தர்ஷினி, மற்றும் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டுப் பொழுது போகாமல் இந்த டைரியைத் தொடங்கியிருக்கும் லோகேஸ்வரன். (லோகத்துக்கே ஈஸ்வரன். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குபவன்.)

இதைவிட முக்கியத்துவம் குறைந்த செய்தி ஒன்றும் உண்டு. அப்பாவின் ஆட்டோவை விலை பேச ஓர் ஆள் வந்திருந்தார். ஜனவரியில் ஆடு குறுக்கே வந்து, அப்பா பாலத்துக் கட்டையில் வண்டியை மோதியதிலிருந்து அவருக்கு இடுப்பு வலி. ஆட்டோ தார்ப்பாய்க்குள் தவம் இருக்கிறது. வந்தவர் தார்ப்பாயை விலக்கி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் கரண்டியோடு அம்மா வெளியே வந்தாள்.

"வண்டிய விக்கலண்ணே."

"ஏ, நீ உள்ள போ" என்றார் அப்பா.

"விக்கல. நான் ஓட்டப் போறேன்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "சைக்கிளையே தள்ளிக்கிட்டுப் போறவ நீ."

"தள்ளிக்கிட்டுப் போனாலும் போய்ச் சேர்றேன்ல?"

வந்தவர் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். நஷ்டம் அவருக்குத்தான். இன்றைக்கு டீயில் அப்பா சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவைக் கவிழ்த்திருந்தார். விளையாட்டுப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

ஏப்ரல் 19, சனி

அம்மாவுக்குத் திடீரென்று ஏன் இந்த ஆட்டோ மோகம் என்று வருங்காலச் சந்ததிக்கு விளக்கிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்குக் கோவிலூர் போக வேண்டும். பஸ் விடிகாலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. பையன்கள் நாங்கள் பால்வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவோம். பெண் பிள்ளைகளை யாரும் தொற்ற விடமாட்டார்கள். அதனால் அவர்கள் எட்டோடு நின்றுவிடுவார்கள். அம்மாவும் அப்படி நின்றவள்தான். படிப்பு ஏறவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போனாள். இன்னமும் போய்க்கொண்டிருக்கிறாள்.

தர்ஷினி இந்த மாதம் எட்டை முடிக்கிறாள். அம்மாவுக்கு அண்ணன் முறையாகும் கருப்பணன் மாமா, நூல் மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், போன வாரம் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். மில்லிலேயே தங்கல், மில்லிலேயே சாப்பாடு, மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. "வயசு பத்தலயே" என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துக்கலாம் ஆத்தா" என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோவும் ஓடாத வீட்டில் அவர் எதைச் சொல்லி வேண்டாம் என்பார்?

ஆக, எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு நான்தான் டிரைவிங் மாஸ்டர். ஐந்து வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றியவன் நான். ஆட்டோவின் நாடி நரம்பெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஏப்ரல் 21, திங்கள்

அப்பா இரண்டு நாளாக அம்மாவிடம் பேசவில்லை. அம்மாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நாளைக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசன்ஸ் பரீட்சை. கம்ப்யூட்டரில் கேள்வி வருமாம். சாலைக் குறிகள் எல்லாவற்றையும் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் வரைந்து வைத்திருக்கிறேன். தோசைக்கல்லுக்கு மேலே 'அபாயகரமான வளைவு'. தண்ணீர்ப் பானைக்கு மேலே 'மெதுவாகச் செல்க'. அப்பா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே 'ஒலி எழுப்பக் கூடாது'. அவர் குறட்டையை நினைத்து வரைந்தது. ஆனால் நான்கு நாளாக அந்தச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பவர், திட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ரசிகத்தன்மை இல்லாத மனுஷன்.

அம்மா மாவு கரைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் படிக்கிறாள். தர்ஷி கேள்வி கேட்கிறாள். தப்பாகச் சொன்னால் கரண்டிக்காம்பால் அம்மாவின் தலையில் ஒரு தட்டு.

"ஏன்டி, பெத்தவளயே அடிக்கிறியா?"

"நான் கணக்குல தப்பு விட்டப்ப நீ அடிக்கல?"

"அது கணக்கு."

"இது லாரிம்மா. கணக்கு மேல ஏறாது. லாரி ஏறும்."

ஏப்ரல் 25, வெள்ளி

பாஸ்! அடுப்படிச் சுவருக்கு அகில இந்திய விருது தரலாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அம்மாவுக்கு முன்னால் நின்ற இளவட்டம் ஒருத்தன், "அக்கா, இது ஆம்பளங்க வரிசை" என்றான். அம்மா, "வரிசைக்கு மீச இருக்கா தம்பி? எனக்குத் தெரியலயே" என்று கேட்டாள். இந்த வாயும் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஒரு மாதம் ஓட்டிப் பழகிவிட்டு, மே கடைசியில் ஓட்டிக் காட்ட வேண்டும். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஐந்தாறு விதிமுறை வகுப்புதான். ஓட்டும் பயிற்சியெல்லாம் ஊர்க்குளத்தில், எங்கள் ஆட்டோவில், என் தலைமையில்.

மே 3, சனி

குளத்தில் தண்ணீர் இல்லை. முள்வேலியும் இல்லை. எருமைகள் மட்டும் உண்டு. பயிற்சிக்கு இதைவிட நல்ல மைதானம் வெளிநாட்டில்கூடக் கிடையாது.

மாஸ்டர் பின் சீட்டில் அமர்ந்து உத்தரவிட, மாணவி லிவரை இழுத்து ஸ்டார்ட் செய்தாள். ஆட்டோ ஒரு தவளையைப் போல மூன்று முறை குதித்து நின்றது. கரையில் பீடி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நல்ல பொழுதுபோக்கு.

"ஏ செல்லமணி, எரும வருது, ஆரன் அடி!"

"அடிச்சேன். நீதான் இன்னும் கரையில உக்காந்திருக்க!"

கரையே சிரித்தது. சொன்னவனைத் தவிர.

ஒரு தொல்லை. வண்டி இடது பக்கமாகவே ஓடுகிறது. நேராகப் போக வேண்டும் என்றால் ஹேண்டிலைக் கொஞ்சம் வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டாள். 'வண்டியின் குணமறிந்து ஓட்டுவதே கலை' என்று மாஸ்டர் உபதேசம் செய்தார்.

மே 6, செவ்வாய்

இன்றைய பயிற்சியும் சிறப்பு. மாஸ்டர் காலில் கருவேல முள். அது ஏன் ஏறியது என்பது டைரிக்குத் தேவையில்லாத விவரம்.

மே 11, ஞாயிறு

தர்ஷி பக்கத்துத் தெரு அக்காவிடம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கடன் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள். "இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ளயா?" என்றேன். "மில்லுக்குப் போனாலும் முதல் பாடமாச்சும் படிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றாள். இதற்கு ஒரு நல்ல ஜோக் அடிக்கலாம் என்று யோசித்தேன். வரவில்லை. வெயில் அதிகம்.

சாயங்காலம் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார். டியூப்லைட் அவர் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. "ஆமாப்பா, ஊருக்கே போயிருச்சு" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய் முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பலமான கைதட்டல் இதுவரை கிடைத்ததில்லை.

மே 19, திங்கள்

என் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். அறிவியலில் மயிரிழை. இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

அம்மா இப்போது குளத்துக்குள் எட்டு போடுகிறாள். இரண்டு கல்லை நட்டு, அதைச் சுற்றி 8 வடிவத்தில் கல்லைத் தொடாமல், வண்டி நிற்காமல் வர வேண்டும். காய் பறித்துவிட்டு வந்து, சோறாக்கி வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் போடுகிறாள். எருமைகளே ஒதுங்கி நின்று வழி விடுகின்றன. கரைக் கூட்டமும் குறைந்துவிட்டது. தவறே செய்யாத பெண்ணை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஊருக்குள் இன்னும் ஐந்து வீடுகளில் எட்டை முடித்த பெண்கள் இருக்கிறார்கள். அம்மா லைசன்ஸ் வாங்கிவிட்டால் மாத வாடகை கொடுத்து அனுப்பலாம், இல்லையென்றால் கருப்பணன் மாமாவின் வேன் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அம்மா தெருவில் நடந்தால் ஆறு ஜோடிக் கண்கள் கூடவே நடக்கின்றன.

மே 27, செவ்வாய்

அம்மா ஃபெயில்.

எங்கள் ஆட்டோவுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்துவிட்டதால் டிரைவிங் ஸ்கூல் ஆட்டோவில் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. புது வண்டி. கிளிப்பச்சை மேல்கூரை. அம்மா ஏறி உட்கார்ந்து, அழகாகக் கிளம்பி, வழக்கம்போல ஹேண்டிலை வலது பக்கம் பிடித்துக்கொண்டாள். அந்த வண்டி இடது பக்கம் இழுக்கிற வண்டி இல்லை. சொன்னபடி கேட்கிற வண்டி. வலது பக்கம் போகச் சொன்னாய், போகிறேன் என்று நேராகப் போய்க் கோட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடியில் நின்றது. அங்கே நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தவர் மோரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவருக்கு அபிஷேகம் செய்தார்.

"ஏம்மா, எட்டு போடச் சொன்னா நீங்க ஒன்னு போடுறீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றேன். தூசி அதிகம், கண்ணில் விழுந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வரலாம் என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் மாடத்தில் விளக்கை ஏற்றினாள், பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள், பிறகுதான் நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். ஒரு மாதத்துக்கும் மேல் அவளிடம் பேசாமல் இருந்த அப்பா வாயைத் திறந்தார்.

"உன் மேல தப்பில்ல. நம்ம வண்டி இடது பக்கம் இழுக்குது. ஜனவரியில இருந்தே முன்சக்கர ஃபோர்க்கு கோணிக் கெடக்கு. நீ கோணல்லயே பழகிட்ட."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "சொன்னா, ஏன் மோதுனேன்னும் சொல்லணும். ஆடு ஒன்னும் வரல செல்லமணி. பாலம் எனக்குத் தெரியல."

தர்ஷி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கு நான் புதுச்சேலையக் கட்டிக்கிட்டு நின்னேன். நீங்க பக்கத்து வீட்டு சரசு அக்காவப் பாத்து, 'எடுப்பா இருக்குடி'ன்னீங்க. அந்த அக்கா வெளக்கமாத்த எடுக்காம விட்டது உங்க நல்ல நேரம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலில் முடியவில்லை. வேறு எதிலோ முடிந்தது. நான் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போய்விட்டேன். குடம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

மே 28, புதன்

அப்பா ஃபோர்க்கைக் கழற்றிவிட்டார். பார்த்து அல்ல, தடவித் தடவி. நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நம்பர் கேட்டால் பதினான்கைக் கொடுத்துப் பார்த்தேன். கையில் வாங்கியதுமே என் தலையில் ஒரு குட்டு விட்டு, "பன்னண்டு குடுறா" என்றார்.

கழற்றியதைக் கோவிலூர் பட்டறைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வந்து மாட்டினோம். வண்டி இப்போது நேராக ஓடுகிறது. அம்மாதான் வலது பக்கம் ஓடுகிறாள்.

மே 30, வெள்ளி

மாஸ்டரின் புதிய பாடத்திட்டம்: பழகியதை மறப்பது. விடிந்ததும் குளத்தில் பயிற்சி. கடுமையான மாஸ்டர் நான். அப்பாவின் துண்டு ஆட்டோவின் பின் சீட்டில் கிடந்தது. காற்றில் பறந்து வந்திருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

கருப்பணன் மாமா வந்தார். தர்ஷிக்கு ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். பூட்டு, சாவியோடு. மில் ஹாஸ்டலில் எல்லோருக்கும் இப்படித்தான் பெட்டியாம்.

"வியாழக்கிழம காலைல வேன் வருது மச்சான். புள்ளயத் தயாரா வச்சிருங்க." அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா பக்கம் திரும்பினார். "ஊரே சிரிக்குதாம்ல ஆத்தா? எட்டு போடத் தெரியாம மரத்துல போயி நின்னியாம்."

"மரத்தடியிலண்ணே. மரத்துல இல்ல."

"ரெண்டும் ஒன்னுதான்."

"இல்லண்ணே. மரத்துல முட்டியிருந்தா வண்டி போயிருக்கும். மரத்தடியில நின்னதால வண்டியும் இருக்கு, நானும் இருக்கேன். புதன்கிழம மறுபடி போடுவேன்."

"போடலன்னா?"

"அதுக்கு அடுத்த வாரம் போடுவேன். நான் எட்டாவதோட நின்னவண்ணே. அதுக்கப்புறம் என்னத்த எழுதியிருந்தாலும் வாசிக்கிறதுக்கு முன்ன என் கண்ணு உங்கள மாதிரி ஆளு மூஞ்சியத்தான் பாக்கும். 'இங்க கையெழுத்துப் போடு ஆத்தா'ம்பீங்க. போடுவேன். எம்பொண்ணு யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டாம். அவளே வாசிச்சுக்கட்டும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். "மச்சான், வாக்குக் குடுத்திருக்கீங்க."

"குடுத்தேன்" என்றார் அப்பா. "கண்ணு தெரியாம குடுத்தேன். பெட்டிய எடுத்துக்குங்க மாப்ள."

மாமா எழுந்தார். வாசலில் நின்று, "சரி, உங்க வீட்ட விடுங்க. மத்த அஞ்சு வீடு புதன்கிழம என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். அதுதான் உண்மை.

பெட்டியைத் தூக்கி அவர் வண்டியில் வைத்தது நான். பெட்டிக்குள் குழாயடித் தவளை ஒன்றும் போனதாகக் கேள்வி. எப்படிப் போனது என்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

எட்டு.

கோட்டுக்குள்ளேயே. வண்டி நிற்காமல். முழுசாக.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா இறங்கவே இல்லை. "இறங்குங்கம்மா, முடிஞ்சது" என்று டிரைவிங் ஸ்கூல் ஆள் வந்து சொன்ன பிறகுதான் ஹேண்டிலை விட்டாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.

இன்று தூசியே இல்லை. ஆனாலும் டீக்கடைக்குப் பின்னால் கொஞ்சம் வேலை இருந்தது.

ஜூன் 5, வியாழன்

வேன் வந்தது. யாரும் ஏறவில்லை என்று எழுதத்தான் ஆசை. அந்த ஐந்து பேரில் ஒருத்தியான கீழத்தெரு மகாலட்சுமி ஏறினாள். அவள் வீட்டில் நேற்று ராத்திரியே அம்மா போய்ப் பேசினாள். "லைசன்ஸ் கைக்கு வரட்டும், எஃப்.சி. வரட்டும், அப்புறம் பாக்கலாம்னா இவளுக்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்டார்களாம். அம்மா வேன் போகிற வரை தெருவில் நின்றாள். வேன் ஜன்னலில் மகாலட்சுமி தர்ஷியைப் பார்த்துக் கையாட்டினாள். தர்ஷி கையாட்டவில்லை. ஓடிப்போய்த் கடன் வாங்கிய ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"இனி நீ எதப் படிப்ப?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல புதுசு தருவாங்கள்ல" என்றாள். தருவார்கள். பள்ளிக்கூடம் போகிறவர்களுக்குத் தருவார்கள்.

அம்மா தெருவிலேயே நின்று, "பொங்கலுக்கு லீவு விடுவாங்க. அவ வந்தா அவங்க வீட்டு வாசல்லதான் மொத ஆரன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. லைசன்ஸும் எஃப்.சி.யும் வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டோம். அம்மா காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்து, ஐந்து பெண்களை இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டாள். மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. இடையில் இரண்டு கட்டு முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் போய் வந்தாள். நாளைக்கு அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாளாம். "வாடகை எவ்வளவு?" என்று அப்பா கேட்டார். "வாயை மூடிக்கிட்டு வந்தா ஓசி" என்றாள்.

இவ்வளவு வெற்றிகரமான ஒரு பயிற்சியை நடத்திய மாஸ்டர் என்ற முறையில் இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் தர்ஷி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "உண்மைய எழுதலன்னா நான் எழுதுவேன்" என்கிறாள். அவள் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும் என்பதால் நானே எழுதுகிறேன்.

நான் குளத்துக்குப் போனது மொத்தம் இரண்டே தடவை. இரண்டாவது தடவை வண்டி இடது பக்கம் சாய்ந்ததும் "அம்மோவ்" என்று கத்திக்கொண்டு வெளியே குதித்தேன். குதித்த இடத்தில் கருவேலம் புதர் இருந்தது. அதன் பிறகு பயிற்சி நேரத்தில் மாஸ்டர் படுக்கையை விட்டு எழவில்லை. ஃபோர்க்கை நிமிர்த்திய பிறகு தினமும் விடிகாலையில் அம்மாவோடு போனது அப்பா. பின் சீட்டில் உட்கார்ந்து, தெரியாத கண்ணையும் மூடிக்கொண்டு, "வண்டி முக்குது, கியர இறக்கு", "இப்பக் கத்துது, ஏத்து" என்று சத்தத்தை வைத்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார். துண்டு காற்றில் பறந்து வரவில்லை.

இன்னொன்று. இன்று தூங்கிவிட்டதால் பால்வண்டி போய்விட்டது. அம்மாவின் இரண்டாம் நடையில் இரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் பதினோராம் வகுப்புக்குப் போனேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் தர்ஷியின் பையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டது உண்மைதான். பள்ளி வாசலில் என் கூட்டாளிகள் எல்லோரும் நிற்கும்போது, "மாஸ்டர், எறங்குங்க" என்று அம்மா சொன்னதும் உண்மைதான்.

ஆட்டோவை எப்படி ஸ்டார்ட் செய்வது என்று எனக்கு இன்னும் தெரியாது.